சங்கம் கூப்பிடாத ஸ்ட்ரைக்: நியூயார்க் சிறைக் காவலர்களின் 22 நாள்

நியூயார்க் மாநிலச் சிறைகளில் வேலை பார்க்கும் காவலர்களுக்குச் சங்கம் உண்டு. எழுத்துப்பூர்வமான ஊதிய ஒப்பந்தம் உண்டு. மேலதிகாரி மெமோ கொடுத்தால் கூடவே வந்து உட்கார ஆள் உண்டு. ஸ்ட்ரைக் செய்யும் உரிமை மட்டும் கிடையாது. 2025 பிப்ரவரி 17, திங்கட்கிழமை அவர்கள் ஸ்ட்ரைக்கில் இறங்கினார்கள். அரசிடம் நோட்டீஸ் கொடுக்கவில்லை. தங்கள் சங்கத்திடமும் அனுமதி கேட்கவில்லை. 22 நாள் கழித்து எல்லாம் முடிந்தபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போயிருந்தது. சிறைகளை ராணுவ உடையில் இருந்த தேசியக் காவல் படையினர், அதாவது அவசரத்துக்கு மாநில ஆளுநர் அழைக்கும் படையினர், நடத்திக்கொண்டிருந்தார்கள்.

சிறைத்துறை ஊழியர் சங்கத்தில் சேர்வதால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு அண்மையில் வேறு இல்லை. ஸ்ட்ரைக் செய்தவர்கள் பக்கம் நியாயமா, அரசின் பக்கம் நியாயமா என்று பலர் எழுதிவிட்டார்கள். என் கவனம் வேறொன்றில்: அந்த 22 நாளும் சங்கம் எங்கே இருந்தது?

மூட்டம்

பிப்ரவரி 17-க்கு முன்னால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1999-இல் நியூயார்க் சிறைகளில் 72 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் இருந்தார்கள். கால் நூற்றாண்டில் அது பாதிக்கும் கீழே இறங்கியது. கைதிகள் குறைந்தால் காவலர் வேலை சுலபமாக வேண்டும் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்போம். உள்ளே நடந்தது வேறு. சிறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2024 நவம்பரில்கூட கிரேட் மெடோ, சல்லிவன் என்ற இரண்டு சிறைகள் மூடப்பட்டன. இந்தச் சிறைகள் பெரும்பாலும் மாநிலத்தின் வடக்கிலும் மேற்கிலும் உள்ள சிற்றூர்களில் இருப்பவை. ஊரில் வேறு தொழில் இல்லை; அப்பா, மகன், மருமகன் எல்லோரும் அதே மதிலுக்குள் வேலை. மூடினால் மாற்றல் வாங்கிக்கொண்டு நூறு மைல் தள்ளிப் போக வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும். பலர் விட்டார்கள். புதிதாகச் சேர ஆள் வரவில்லை.

ஆள் பற்றாக்குறை ஒரு காவலரின் நாளில் எப்படித் தெரியும் என்பதைப் பார்த்தால்தான் மற்றது புரியும். காலை ஏழு மணி ஷிஃப்ட் மூன்று மணிக்கு முடிய வேண்டும். மூன்று மணிக்கு மாற்று ஆள் வந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டால்தான் இவர் கிளம்ப முடியும். மாற்று ஆள் வரவில்லை என்றால், ஆள் ஒதுக்கும் சார்ஜென்ட்டிடமிருந்து போன் வரும்: நீங்கள் இருங்கள். இது வேண்டுகோள் கிடையாது, உத்தரவு. எட்டு மணி நேரம் பதினாறு ஆகும். பள்ளியிலிருந்து குழந்தையைக் கூட்டி வர வேண்டியிருந்தது, டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தது எல்லாம் போச்சு. சாவியைக் கீழே வைத்துவிட்டு நடந்தால் அது பணியிடத்தைக் கைவிட்ட குற்றம். பதினாறு மணி நேரம் பலருக்கு வழக்கமாகி, சில சிறைகளில் 24 மணி நேரமும் ஆனது. ஓவர்டைம் பணம் வந்தது உண்மை. அந்தப் பணத்தைச் செலவழிக்க வீட்டுக்குப் போக முடியவில்லை என்பதும் உண்மை.

இதன்மேல் ஹால்ட் சட்டம். தனிமைச் சிறையைக் கட்டுப்படுத்த 2021-இல் நிறைவேற்றப்பட்டு 2022 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. எந்தக் கைதியையும் தொடர்ந்து 15 நாளுக்கு மேல் தனிமையில் வைக்கக் கூடாது. தண்டனைப் பிரிவில் இருப்பவர்களுக்கும் தினமும் பல மணி நேரம் அறைக்கு வெளியே வகுப்பு, கூட்டுச் செயல்பாடு கொடுக்க வேண்டும். 15 நாளுக்கு மேற்பட்ட தனிமையைச் சித்திரவதையாகக் கருதும் ஐ.நா. நெறிமுறையை ஒட்டிய சட்டம் இது. என் பார்வையில் நல்ல சட்டம். ஆனால் ஒரு கைதியை அறையில் பூட்டிவைக்க ஒரு காவலர் போதும், வெளியே கொண்டுவந்து வகுப்பில் உட்கார வைக்கப் பலர் வேண்டும். ஆளைக் கூட்டாமல் சட்டத்தை மட்டும் இறக்கினார்கள். தாக்குதல்கள் கூடியதற்கு அந்தச் சட்டம்தான் காரணம் என்று காவலர்கள் சொன்னார்கள். சட்டத்தை ஒழுங்காக நடைமுறைப்படுத்தவே இல்லை, பிறகு அதன் மேல் எப்படிப் பழி போடுவீர்கள் என்று கைதிகள் தரப்பு வழக்கறிஞர்கள் கேட்டார்கள். இரண்டு பேச்சும் ஒரே ஆள் பற்றாக்குறையில்தான் போய் முடிகிறது.

பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் இரண்டு சம்பவங்கள். சிறைத்துறை ஆணையர் டேனியல் மார்ட்டசெல்லோவின் பெயரில் ஒரு குறிப்பு வந்தது. இதுவரை வகுத்திருந்த ஆள்பலத்தில் 70 சதவீதத்தையே இனி முழுப் பலமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். பற்றாக்குறை தற்காலிகம் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு, அதுவே இனி நிரந்தரம் என்று எழுதிக் கொடுத்த மாதிரி ஆனது. கிட்டத்தட்ட அதே நாட்களில் பஃபலோவுக்குத் தெற்கே உள்ள காலின்ஸ் சிறையில் சில கூடங்களைக் கைதிகள் கையில் விட்டுவிட்டுக் காவலர்கள் பின்வாங்க நேர்ந்தது. அடுத்த திங்கட்கிழமை காலின்ஸிலும், 1876-இல் திறக்கப்பட்ட பழைய எல்மைரா சிறையிலும் காவலர்கள் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பனியில் பீப்பாய்களுக்குள் விறகை மூட்டிக்கொண்டு நின்ற அந்தக் கூட்டம் சில நாட்களில் மாநிலத்தின் 42 சிறைகளில் ஏறத்தாழ எல்லாவற்றின் வாசலிலும் தெரிந்தது.

சங்க அட்டை வாங்கினால் என்ன வரும்

இவர்களின் சங்கத்தின் பெயர் நீளமானது. எல்லோரும் சொல்வது நிஸ்காப்பா. காவலர்களையும் சார்ஜென்ட்களையும் சேர்த்தது. பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பு எதிலும் இல்லாத தனிச் சங்கம். அதற்கு முன் பல ஆண்டுகள் இவர்களுக்காகப் பேசியது கவுன்சில் 82. அமெரிக்காவின் பெரிய அரசு ஊழியர் சங்கமான ஆஃப்ஸ்மியின் கிளை அது. எங்கள் வேலை வேறு, குமாஸ்தா வேலை வேறு, எங்களுக்கென்று தனிச் சங்கம் வேண்டும் என்ற பேச்சு வலுத்து, 1990களின் கடைசியில் தேர்தல் நடத்திப் பிரிந்து வந்தார்கள். அமெரிக்காவில் சிறைக் காவலர்கள் பல மாநிலங்களில் இப்படிப் பிரிந்து போயிருக்கிறார்கள். இந்தத் தனித்து நிற்கும் குணத்துக்கு விலை உண்டு: நெருக்கடி வரும்போது தோள் கொடுக்கப் பெரிய குடும்பம் இருக்காது.

2018-க்கு முன்பு, உறுப்பினர் ஆகாதவர்களிடமும், ஊதியத்துக்காகச் சங்கம் அரசிடம் பேரம் பேசும் செலவுக்கான பங்கைச் சம்பளத்திலிருந்து பிடித்தார்கள். அந்த ஆண்டு ஜூன் 27 அன்று ஜேனஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர் யாரிடமும் சம்மதமில்லாமல் ஒரு டாலர்கூடச் சங்கத்துக்காகப் பிடிக்கக் கூடாது என்றது. 1977 முதல் இருந்த நிலை தலைகீழானது. அன்றிலிருந்து சந்தா கட்டுவது முழுக்க ஊழியரின் விருப்பம். ஒப்பந்தப்படி வரும் ஊதிய உயர்வு சந்தா கட்டாதவருக்கும் வரும். அப்படியானால் ஏன் கட்ட வேண்டும்? நியூயார்க் அரசு தீர்ப்பு வருவதற்கு முன்பே ஒரு பதில் தயார் செய்து வைத்தது. 2018 ஏப்ரலில் சட்டத்தைத் திருத்தி, ஒழுங்கு நடவடிக்கை விசாரணையில் உறுப்பினர் அல்லாதவருக்கு வக்கீல் வைத்து வாதாடச் சங்கம் கடமைப்பட்டதல்ல என்று வைத்தார்கள்.

சிறைக் காவலருக்கு இது சின்ன விஷயம் அல்ல. பள்ளி ஆசிரியரோ நூலகரோ ஓய்வு பெறும்வரை ஒரு விசாரணையைக்கூடப் பார்க்காமல் போகலாம். சிறைக் காவலர் மேல் புகார் வருவது தொழிலோடு பிறந்தது. கைதியின் மேல் பலம் பிரயோகித்தால் அறிக்கை எழுத வேண்டும். அறிக்கையும் கேமராவும் ஒத்துப்போகவில்லை என்றால் விசாரணை. அந்த அறையில் உட்காரும்போது சங்கப் பிரதிநிதி பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை நியூயார்க் அரசு ஊழியர்களுக்கு 2007-இலிருந்து சட்டத்திலேயே இருக்கிறது. பேசாவிட்டால் வேலை போகும் என்று மிரட்டி வாங்கிய வாக்குமூலத்தைக் கிரிமினல் வழக்கில் பயன்படுத்தக் கூடாது என்ற 1967-இன் கேரிட்டி தீர்ப்பும் இருக்கிறது. எதைச் சொல்ல வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று காதோரம் சொல்ல ஒரு ஆள். அட்டையின் நிஜ மதிப்பு பெரும்பாலும் இதுதான்.

இன்னொன்று பணிமூப்பு. எந்த இடத்தில் காவல், எந்த ஷிஃப்ட், எந்த நாள் விடுமுறை என்பதை மூப்பு வரிசைப்படி கேட்டு வாங்கும் முறை ஒப்பந்தத்தில் இருக்கிறது. புதிதாகச் சேர்பவர் பெரும்பாலும் நியூயார்க் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள சிங் சிங் மாதிரி இடங்களில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கி, சொந்த ஊருக்கு மாற்றல் வரும்வரை பட்டியலில் காத்திருப்பார். அந்தப் பட்டியலில் அதிகாரிக்கு வேண்டியவர் யாரும் குறுக்கே நுழையாமல் பார்த்துக்கொள்வது சங்கம். வெளியிலிருந்து பார்த்தால் அற்பமாகத் தெரியும். ஏழாண்டு வரிசையில் நின்றவரிடம் கேட்டால் ஊதிய உயர்வைவிட இதைத்தான் முதலில் சொல்வார்.

டெய்லர் சட்டம்

1947-இல் பஃபலோ ஆசிரியர்கள் ஸ்ட்ரைக் செய்தார்கள். கோபத்தில் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது: ஸ்ட்ரைக் செய்யும் அரசு ஊழியர் டிஸ்மிஸ், திரும்ப எடுத்தாலும் மூன்று ஆண்டுக்கு ஊதிய உயர்வு கிடையாது. கடுமை அதிகமானதால் அமல்படுத்தவே முடியவில்லை. 1966 ஜனவரியில் நியூயார்க் நகரப் பேருந்து, சுரங்க ரயில் ஊழியர்கள் 12 நாள் நகரத்தையே நிறுத்தியபோது அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு ரயில் ஓட்ட யார் இருந்தார்கள்? அப்புறம்தான் பேராசிரியர் ஜார்ஜ் டெய்லர் தலைமையில் குழு அமைத்து, 1967-இல் புதிய சட்டம் போட்டார்கள்.

டெய்லர் சட்டம் ஒரு கொடுக்கல் வாங்கல். அரசு ஊழியருக்குச் சங்கம் அமைக்கவும் கூட்டுப் பேரம் பேசவும் உரிமை. பதிலுக்கு ஸ்ட்ரைக் கிடையாது. மீறினால் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு நாள் சம்பளம் பிடித்தம். ஸ்ட்ரைக் நாளில் அனுமதி இல்லாமல் வராதவர் ஸ்ட்ரைக்கில் இருந்ததாகவே கருதப்படுவார். இல்லை, உண்மையிலேயே காய்ச்சல் என்றால் 20 நாளுக்குள் பிரமாணப் பத்திரம் கொடுத்து அவர்தான் நிரூபிக்க வேண்டும். இது தனிநபருக்கு. சங்கத்துக்கு அபராதம் தனி. சம்பளத்திலிருந்து சந்தா பிடித்துக் கொடுக்கும் வசதியும் பறிபோகும். சந்தா தானாக வருவது நின்றால் சங்கம் வீடுவீடாகப் போய் வசூலிக்க வேண்டும், அதாவது மூச்சு நின்ற மாதிரி.

1982-இல் சேர்ந்த ஒரு திருத்தம் இந்தக் கதைக்கு முக்கியம். பழைய ஒப்பந்தம் முடிந்து புதியது வராவிட்டாலும் பழையதன் நிபந்தனைகள் எல்லாம் தொடரும் என்கிறது அது. அரசு தரப்பு இழுத்தடித்தாலும் ஊழியருக்கு நஷ்டமில்லை. ஒரே விதிவிலக்கு: சங்கமே ஸ்ட்ரைக்கில் இறங்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், 2025 பிப்ரவரியில் நிஸ்காப்பா தலைமை, இது எங்கள் ஸ்ட்ரைக் இல்லை, நாங்கள் அழைக்கவும் இல்லை ஆதரிக்கவும் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னது ஏன் என்று விளங்கும். கோழைத்தனம் என்று வாசலில் நின்ற பலர் திட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொந்தக் கட்டடம் எரிந்துபோகும் என்று தெரிந்த நிர்வாகிகள் வேறு என்ன சொல்ல முடியும்? 1979 ஏப்ரலில் இதே சிறைகளில் கவுன்சில் 82 தானே முன்னின்று, ஏழாயிரம் பேர் அளவில் இரண்டு வாரத்துக்கும் மேல் ஸ்ட்ரைக் நடத்தியது. அன்றும் தேசியக் காவல் படைதான் சிறைகளுக்குள் வந்தது, அன்றும் சங்கத்தின் மேல் பெரிய அபராதம் விழுந்தது. அந்த நினைவு சங்க அலுவலகங்களில் மறையாது.

ஆனால் சட்டம் எதிர்பார்க்காத விளைவு ஒன்று இங்கே இருக்கிறது, என் வாதம் முழுக்க இதில்தான். தடை ஸ்ட்ரைக்கை நிறுத்தவில்லை. ஸ்ட்ரைக்கிலிருந்து சங்கத்தை மட்டும் வெளியே நிறுத்தியது. தொடங்கி வைத்தவர் இல்லாத ஸ்ட்ரைக்கை யாரிடம் பேசி முடிப்பது?

ஒப்பிட நியூயார்க் நகரத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 2005 டிசம்பர் 20-இல் போக்குவரத்து ஊழியர்களின் லோக்கல் 100 சங்கம் அதே டெய்லர் சட்டத்தை மீறியது. நாளுக்கு பத்து லட்சம் டாலர் அபராதம் என்று நீதிபதி சொன்னார். மூன்றாம் நாள் சங்கத்தின் நிர்வாகக் குழு கூடி, திரும்பலாம் என்று வாக்களித்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்குத் திரும்பினார்கள். பிறகு தலைவர் ரோஜர் டூசான் சிறைக்குப் போனார், சந்தாப் பிடித்தமும் நின்றது. சட்டவிரோதம்தான். ஆனால் நிறுத்து என்று சொல்ல ஒரு குழு இருந்தது, சொன்னால் கேட்க ஆட்கள் இருந்தார்கள்.

பேரம், இரண்டு முறை

ஆளுநர் கேத்தி ஹோக்கல் பிப்ரவரி 19-இல் அவசரநிலை அறிவித்தார். முதலில் 3,500 தேசியக் காவல் படையினர் வந்தார்கள். பின்னால் அந்த எண்ணிக்கை ஆறாயிரத்தைத் தாண்டியது. நீதிமன்றம் வேலைக்குத் திரும்ப உத்தரவிட்டது, யாரும் மதிக்கவில்லை. உள்ளே கைதிகளுக்கு உறவினர் சந்திப்பு நின்றது. சாப்பாடு அறைக்கே வந்தது, சில இடங்களில் நேரத்துக்கு வரவில்லை. மருந்து, குளியல் எல்லாம் தாமதம்.

மத்தியஸ்தர் மார்ட்டின் ஷைன்மன் உதவியோடு பிப்ரவரி 27-இல் அரசுக்கும் நிஸ்காப்பாவுக்கும் உடன்பாடு எட்டியது. ஹால்ட் சட்டத்தின் சில பகுதிகளை 90 நாள் நிறுத்திவைப்பது, அந்த 70 சதவீதக் குறிப்பைத் திரும்பப் பெறுவது, 24 மணி நேர ஷிஃப்டை ஒழிக்க நடவடிக்கை, கொஞ்ச காலத்துக்கு ஓவர்டைமுக்குக் கூடுதல் விகிதம். மோசமான உடன்பாடு என்று சொல்ல முடியாது. மார்ச் 1-க்குள் திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை. பெரும்பாலோர் திரும்பவில்லை.

ஏன் திரும்ப வேண்டும்? கையெழுத்துப் போட்டது சங்கம், ஸ்ட்ரைக்கில் இருந்தது சங்கம் அல்ல. இது எங்கள் ஸ்ட்ரைக் இல்லை என்று பத்து நாளாகச் சொன்னவர்கள் திடீரென்று அதை முடித்து வைக்கப் பேசினால், எங்களிடம் கேட்டீர்களா என்றுதான் வாசலில் நிற்பவர் கேட்பார். வாசலில் இருந்தவர்களுக்குத் தனிக் கோரிக்கைப் பட்டியல்கள் இருந்தன. ஹால்ட் சட்டத்தை முழுதாக ரத்து செய் என்றார்கள். அது சட்டமன்றம் செய்ய வேண்டியது. ஆளுநரோ ஆணையரோ மேசையில் கொடுக்க முடியாதது. இப்படி நடக்காத கோரிக்கையை எடுத்துச் சொல்லி, இதற்கு மேல் கிடைக்காது வாருங்கள் என்று புரியவைப்பதுதான் சங்க நிர்வாகியின் அன்றாட வேலை. அந்த வேலையைச் செய்ய வாசலில் அதிகாரம் உள்ள யாரும் இல்லை.

மார்ச் முதல் வாரத்தில் அரசு கடுமையானது. திரும்பாதவர்களை டிஸ்மிஸ் செய்யத் தொடங்கியது; மருத்துவக் காப்பீட்டையும் நிறுத்தியது. அமெரிக்காவில் இது சம்பளத்தை நிறுத்துவதைவிட வலிக்கும், ஏனென்றால் மனைவி, கணவன், குழந்தைகள் எல்லோருடைய மருத்துவமும் அந்த ஒரு காப்பீட்டில் தொங்குகிறது. மார்ச் 8-இல் இரண்டாவது உடன்பாடு: 12 மணி நேர ஷிஃப்ட் பற்றிய ஏற்பாடுகள், ஹால்ட் பற்றி ஒரு குழு. 85 சதவீதம் பேர் திரும்பினால்தான் செல்லும் என்று ஒரு கொக்கியும் இருந்தது. கெடு மார்ச் 10 திங்கள் காலை 6.45 மணி, காலை ஷிஃப்டுக்குச் சற்று முன். அந்தக் கணக்கும் நிறையவில்லை. ஆனாலும் போதுமான பேர் திரும்பினார்கள், ஸ்ட்ரைக் முடிந்தது என்று ஆணையர் அறிவித்தார்.

அடுத்த நாளே ஆளுநர் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார்: டிஸ்மிஸ் ஆனவர்களை மாநில அரசின் எந்தத் துறையும் வேலைக்கு எடுக்கக் கூடாது. 1981-இல் ரொனால்ட் ரேகன் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் பதினோராயிரம் பேரை அனுப்பிவிட்டு மத்திய அரசு வேலைக்குத் தடை விதித்தது நினைவிருப்பவர்களுக்கு இது புதிதல்ல. புதிது என்னவென்றால், இந்த முறை செய்தவர் தொழிற்சங்கங்களின் ஆதரவை நம்பி வெல்லும் ஜனநாயகக் கட்சி ஆளுநர். மற்றச் சங்கங்களிலிருந்து பெரிய கூச்சலும் எழவில்லை. தனித்து நிற்பதன் விலை என்று மேலே சொன்னேனே, அது இங்கேதான் வசூலானது.

மார்சி

இந்தக் கதையை மார்சியைச் சொல்லாமல் முடித்தால் நேர்மையாக இருக்காது. யூட்டிகா நகருக்குப் பக்கத்தில் உள்ள மார்சி சிறையில் 2024 டிசம்பர் 9 இரவு, கைகள் பின்னால் விலங்கிடப்பட்ட நிலையில் ராபர்ட் ப்ரூக்ஸ் என்ற 43 வயதுக் கைதியைக் காவலர்கள் மருத்துவப் பரிசோதனை அறையில் வைத்து அடித்தார்கள். மறுநாள் அவர் இறந்தார். காவலர்களின் உடல் கேமராக்களில் பதிவு செய்யும் பொத்தான் அழுத்தப்படவில்லை; காத்திருப்பு நிலையில் இருந்த கேமராக்கள் ஒலி இல்லாமல் படத்தை மட்டும் பதிந்துகொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. மாநில அட்டர்னி ஜெனரல் லெட்டிஷா ஜேம்ஸ் டிசம்பர் 27-இல் அதை வெளியிட்டார். சங்கமும் கண்டித்து அறிக்கை விட்டது. ஸ்ட்ரைக்கின் நான்காம் நாள், பிப்ரவரி 20-இல், ஆறு பேர் மீது கொலைக் குற்றச்சாட்டு பதிவானது. மார்ச் 1-இல், அதாவது ஸ்ட்ரைக் நடக்கும்போதே, மிட்-ஸ்டேட் சிறையில் மெசையா நான்ட்வி என்ற 22 வயதுக் கைதியும் அடிபட்டு இறந்தார். அங்கேயும் பின்னர் காவலர்கள் மீது வழக்கு.

கொலை வழக்கிலிருந்து கவனத்தைத் திருப்பத்தான் ஸ்ட்ரைக் என்று கைதிகளின் குடும்பங்களும் ஆதரவாளர்களும் சொன்னார்கள். ஒரு சிறையில் அடித்தவர்களைக் காப்பாற்ற, நாற்பது சிறைகளில் ஆட்கள் சம்பளத்தையும் காப்பீட்டையும் பணயம் வைத்துப் பனியில் நின்றார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் சந்தேகப்படுபவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 2023-இல் மார்ஷல் ப்ராஜெக்ட் என்ற செய்தி நிறுவனம் நியூயார்க் சிறைத்துறையின் பன்னிரண்டு ஆண்டு ஒழுங்கு நடவடிக்கை ஆவணங்களைத் தோண்டியது. கைதிகளைத் துன்புறுத்தியதாக அல்லது அதை மறைத்ததாகச் சொல்லி 290-க்கும் மேற்பட்ட வழக்குகளில் காவலர்களை வேலையிலிருந்து நீக்கத் துறை முயன்றது. நீக்க முடிந்தது 28 பேரை மட்டும். மற்றவற்றில் பலவற்றில், வெளி நடுவர் ஒருவர் தீர்ப்புச் சொல்லும், சங்க ஒப்பந்தம் தரும் மத்தியஸ்த முறை வழியாக ஆள் வேலைக்குத் திரும்பினார்.

நிரபராதியான காவலரைப் பொய்ப் புகாரிலிருந்து காக்கும் அதே வக்கீல், அதே மத்தியஸ்தர், அதே ஒப்பந்தப் பக்கம் அடித்தவரையும் காக்கிறது. எந்தச் சங்கமும் உறுப்பினருக்காக வாதாடத்தான் செய்யும். அது அதன் கடமை. ஆனால் மற்றத் தொழிலில் எதிர்த்தரப்பு முதலாளி. இங்கே புகார் கொடுத்தவர் கூண்டுக்குள் இருக்கிறார், அவருக்காக மேசையில் பேச யாரும் கிடையாது. 290-இல் 28 என்ற கணக்கு சங்கத்தின் வெற்றிப் பட்டியலில் ஏறுமானால், அடுத்த முறை ஆள் பற்றாக்குறை என்று அதே சங்கம் சொல்லும்போது பொதுமக்கள் காது கொடுக்க மாட்டார்கள். 2025-இல் அதுதான் நடந்தது. பதினாறு மணி நேர ஷிஃப்ட் உண்மையான கொடுமை. அதைச் சொல்ல வந்த வாயை மார்சியின் காட்சி மூடிவிட்டது.

மற்ற இடங்கள்

பிரிட்டனில் சிறைக் காவலர் சங்கம் 1939-இலிருந்து இருக்கிறது. 1994-இல் ஒரு சட்டம் போட்டு, சிறைக் காவலரை ஸ்ட்ரைக் செய்யத் தூண்டுவதே தவறு என்றார்கள். பிறகு பேச்சுவார்த்தையில் தன்னார்வ உடன்பாடு ஏற்பட்டுத் தடை தளர்ந்தது. 2007 ஆகஸ்ட் 29 அன்று சங்கமே அழைத்து, ஊதிய உயர்வைத் தவணையாகக் கொடுத்ததை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தது. அடுத்த ஆண்டே அரசு தடையைத் திரும்பக் கொண்டுவந்தது. 2016 நவம்பரில் ஆயிரக்கணக்கானோர் மறுபடி வெளியே வந்தார்கள், அரசு நீதிமன்றத் தடை வாங்கி அவர்களை வேலைக்குத் திருப்பி அனுப்பியது. அங்கே தடை இருந்தும் முன்னால் நிற்பது சங்கம். அதனால் ஒவ்வொரு முறையும் சீக்கிரம் முடிகிறது.

அமெரிக்க மத்திய அரசின் சிறைகளில் நிலை வேறு மாதிரி மோசம். அங்கே ஸ்ட்ரைக் உரிமை எப்போதும் இல்லை; முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குக் கூட்டுப் பேர ஒப்பந்தம் இருந்தது. 2025 மார்ச்சில் தேசியப் பாதுகாப்பு என்ற காரணம் காட்டி அதிபர் டிரம்ப் பல துறைகளின் பேர உரிமையை நீக்கினார். செப்டம்பரில் சிறைத்துறை அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டதாக ஊழியர்களுக்கு அறிவித்தது. ஸ்ட்ரைக் செய்யாமல், சட்டத்தை மீறாமல், ஒழுங்காகச் சந்தா கட்டியவர்களுக்கும் இதுதான் நடந்தது.

நியூயார்க்கில் தேசியக் காவல் படை ஸ்ட்ரைக் முடிந்தும் மாதக்கணக்கில் சிறைகளிலேயே இருந்தது. ஹால்ட் சட்டத்தை நிறுத்திவைத்தது நீதிமன்றத்துக்குப் போனது. இருந்த பற்றாக்குறைமேல் இன்னும் இரண்டாயிரம் பேர் குறைந்தார்கள். திரும்பி வந்தவர்களுக்கு 12 மணி நேர ஷிஃப்டும் அதற்கு மேலும். நிஸ்காப்பா உறுப்பினர் அட்டை இன்றும் செல்லும்: விசாரணைக்கு வக்கீல் வருவார், மாற்றல் பட்டியலில் இடம் பத்திரமாக இருக்கும். சங்கம் வாசலுக்கு வராமல் ஒதுங்கி நின்றதால், 1982 திருத்தம் தரும் பாதுகாப்பும் மிச்சமிருக்கிறது. அது தேவைப்படும். 2023-இல் தொடங்கிய ஒப்பந்தத்தின் காலம் 2026 மார்ச் 31 வரைதான். அடுத்த பேரத்தில் சங்கத் தலைவருக்கு எதிரே உட்காரும் அரசு அதிகாரி முதலில் கேட்கக்கூடிய கேள்வி, நீங்கள் போடும் கையெழுத்தை உங்கள் ஆட்கள் ஏற்பார்களா என்பதாக இருக்கும்.